பூனை கடிக்கும் பனை

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பூனை தொட்டிச் செடியை மெல்கிறதா? அது என்ன செடி என்று முதலில் பாருங்கள்.

உலு யாம் வட்டாரத்தில் நாம் தினமும் பார்க்கும் செம்பனை, தென்னை, பாக்கு மூன்றும் பனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால், 'சேகோ பனை' என்ற பெயரில் தொட்டியில் விற்கப்படும் சைக்கஸ், பனையே அல்ல. பைன் மரத்தைப் போல அது பூக்காமலே விதை தரும். அதன் எல்லாப் பாகங்களிலும் நச்சு உண்டு. விதையில் மிக அதிகம். சைக்காசின் எனும் அந்த நச்சு கல்லீரலைக் கெடுத்துப் பூனையின் உயிரையே பறிக்கலாம்.

எப்படி அடையாளம் காண்பது? ஒரு சிற்றிலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனை குத்தும், கவனம். சைக்கஸில் நடுவே ஒரே நரம்புதான் இருக்கும். பனையில் பல நரம்புகள் இணையாக ஓடும்.

பூனை உள்ள வீட்டுக்கு அரேகா பனை ஏற்றது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அதில் பூனைக்குக் கேடான நச்சு இல்லை. நேர்வெயில் படாத, வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வேர் அழுகும், ஏடிஸ் கொசுவும் பெருகும்.

பூனை சைக்கஸைக் கடித்துவிட்டதா? வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடித்த இலையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.