முக்தாம்பாள் சத்திரம்

காசு பெற்று இடம் தருவது விடுதி. காசு பெறாமல் சோறும் இடமும் தந்தது சத்திரம். வழிநடந்து களைத்தோர்க்கு இவை புகலிடமாய் இருந்தன. அவற்றுட் பல இன்று இடிந்துவிட்டன. சில வேறு பணிகளுக்குப் பயன்படுகின்றன. அத்தகைய பழங்கட்டடம் ஒன்றின் வரலாற்றை எங்ஙனம் அறிவது? புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர்ப் பகுதியிலிருந்து கிழக்கே சென்றால், தஞ்சாவூர் மாவட்டத்து ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் காணலாம். அதன் வரலாற்றை ஆராயும் முறை இவ்வினாவிற்கு நல்ல விடையாகும்.

முதற்கண் கட்டடத்தையே உற்றுநோக்குதல் வேண்டும். அதன் புறத்தே குதிரைகளும் யானைகளும் இழுத்துச் செல்வனபோலச் செதுக்கப்பட்டுள்ளன. ஆதலின் சத்திரம் முழுவதும் ஒரு தேரெனத் தோன்றும். வெறும் சோற்றுச்சாலைக்கு இத்துணை அழகு எதற்கு? தஞ்சை மராட்டிய மன்னராகிய இரண்டாம் சரபோஜி, தம் அன்பிற்குரிய முக்தாம்பாளின் நினைவாக 1802-ஆம் ஆண்டில் இதனை நிறுவினார். தம் பெயரால் ஒரு சத்திரம் அமைக்குமாறு அவ்வம்மையார் இறக்குங்கால் வேண்டினார் என்று மக்கள் கூறுவர். இது செவிவழிச் செய்தி. ஆராய்ச்சியாளர் இதனைத் தள்ளுவதும் இல்லை; இதனோடு நின்றுவிடுவதும் இல்லை.

அடுத்து அவர் நாடுவது எழுத்துச் சான்று. 1799-இல் தஞ்சை நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கம்பெனியாரிடம் சென்றது. சத்திரங்களும் தம் கையை விட்டுப் போகுமோ என்று அஞ்சிய சரபோஜி, 1801-இல் ஆங்கிலப் பிரதிநிதியாகிய டோரின் என்பார்க்கு ஒரு கடிதம் விடுத்தார். இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள சத்திரங்களில் நிகழும் அறப்பணிகளை அதில் விரித்துரைத்தார். எல்லாக் குலத்தாரும் பலவகைத் துறவியரும் அங்கே சோறு பெற்றனர். சமைத்த சோற்றை உண்ண விரும்பாதார்க்கு அரிசியும் பிறவும் அளிக்கப்பட்டன. நோயுற்ற வழிப்போக்கருக்கு மருத்துவம் நடந்தது. பெற்றோரை இழந்த சிறுவர் கல்வி கற்றனர். நள்ளிரவில் ஒரு மணி ஒலிக்கும். அதுகாறும் உண்ணாதார் எவரேனும் உளராயின் வருக என அழைப்பர். பசித்தவனைத் தேடி இருளில் ஒலித்த அம்மணியோசை நம் உள்ளத்தை உருக்குகின்றது.

எனினும் ஆராய்ச்சியாளர் இங்கே சற்று நின்று எண்ணுவார். இக்கடிதம் 1801-இல் எழுதப்பட்டது. முக்தாம்பாள் சத்திரமோ 1802-இல் தோன்றியது. ஆகவே கடிதம் கூறுவன முன்னிருந்த சத்திரங்களின் செய்திகளே. அவற்றை அப்படியே ஒரத்தநாட்டின்மேல் ஏற்றுதல் தவறாகும். மேலும், சத்திரங்களைத் தம்மிடமே விட்டுவைக்குமாறு வேண்டுபவர் அவற்றின் சிறப்பினையே மிகுத்துப் பேசுவது இயல்பு. எல்லார்க்கும் சோறு கிடைத்தது என்பது கொண்டு, எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர் என முடிவு செய்தலும் பொருந்தாது.

இவ்வையங்களைத் தீர்க்க வல்லவை அன்றாடக் கணக்குகள். அரிசிக்கும் பருப்புக்கும் ஆன செலவை எழுதிய கணக்கன் எவரையும் மகிழ்விக்க எண்ணி எழுதியவன் அல்லன். அதனாலேயே அவன் எழுத்து நம்பத்தக்கது. மராட்டிய அரசின் ஆவணங்கள் மோடி என்னும் விரைவெழுத்தில் அமைந்தவை. எழுதுகோலை மிகுதியும் எடுக்காமல் சேர்த்தெழுதும் அவ்வெழுத்தைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் இவ்வாவணங்களைக் காத்து வந்துள்ளது. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டது. மொழிபெயர்க்கப்படாத கட்டுகள் இன்னும் பல. ஒரத்தநாட்டுத் தேர்க்கட்டடத்தில் உண்டவர் யார், உணவுக்கு ஆன செலவு யாது என்பவற்றை மேலும் அறிய விரும்புவோர், அம்மோடி எழுத்தைக் கற்றுக்கொண்டு அக்கட்டுகளை அவிழ்த்தல் வேண்டும்.