சட்டைப்பைக் கத்தியும் கடற்காற்றும்

அந்தமானில், போர்ட் பிளேரின் டெலானிபூரில் வசிக்கும் ஒரு குடும்பஸ்தருக்குச் சட்டைப்பையில் ஒரு சிறு கத்தி எதற்கு என்று கேட்பவர்கள், சென்னையிலிருந்து ஏறக்குறைய மூன்று நாள் பிரயாணம் செய்து கப்பலில் வந்து இறங்கும் சரக்குகள், வீட்டு வாசலை அடையும்போது எத்தனை கயிற்றுக் கட்டும் சாக்குத் தையலும் ஒட்டுநாடாவுமாக வந்து சேர்கின்றன என்பதை ஒரு முறை பார்த்தால் போதும். மூட்டையைப் பிரிக்கவும், மாம்பழத்தைக் கீறவும், நைலான் கயிற்றின் நுனியைச் சீராக்கவும், பிள்ளைகளின் பென்சிலைச் சீவவும் மடக்குக் கத்தி ஒன்று கையில் இருப்பது பெரிய சௌகரியம். இளநீர் சீவுவதற்கும் வேலியோரக் கொடியை வெட்டுவதற்கும் அரிவாள் இருக்கிறது. அந்த வேலைகளுக்கு மடக்குக் கத்தியை ஏவினால் அதன் மூட்டு தளர்வதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை.

இந்தத் தீவுகளில் இரும்பு என்பது நெடுங்காலம் கடல் கொடுத்தால்தான் உண்டு. போர்ட் பிளேரில் உத்தியோகம் பார்த்த ஈ. எச். மேன் என்ற ஆங்கிலேயர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தமான் பூர்வகுடிகளின் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்தார். அவர்கள் ஒருவகைச் சிப்பியின் ஓட்டையே கத்தியாகக் கொண்டு அறுப்பதும் சீவுவதும் செய்து வந்ததையும், உடைந்த கப்பல்களிலிருந்து கிடைத்த இரும்பை அம்பு முனைகளாக்கிக் கொண்டதையும் அவர் குறித்திருக்கிறார். சிப்பி ஓட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு: அது துருப்பிடிப்பதில்லை. அதற்குப் பின் வந்த எஃகுக்கு இங்கே அந்தப் பாக்கியம் இல்லை.

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறிப் பொழிவதால், வருஷத்தில் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை ஓய்ந்த நாளிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை, அந்த ஈரத்தோடு உப்பும் கலந்திருக்கிறது. எஃகில் சுமார் பத்தரை சதவீதத்துக்கு மேல் குரோமியம் சேரும்போது அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்ஸைடு படலம் தானாகவே உண்டாகி, உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கிறது. எவர்சில்வர் பாத்திரங்களின் ரகசியமும் இதுவே. ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும் தன்மை உடையது. ஆகையால் துருவேறாதது என்று பெயர் பெற்ற எஃகிலும், மீன் நறுக்கிக் கழுவாமல் விட்டால், ஊசி குத்தினாற்போன்ற கரும்புள்ளிகள் தோன்றும்.

முதன்முதலாகக் கத்தி வாங்குகிறவருக்கு வியாபாரி ஆசைகாட்டுவது பெரும்பாலும் கடினத்தைச் சொல்லித்தான். கடினமான எஃகு நெடுநாள் கூர் தாங்கும் என்பது மெய்யே; ஆனால் கூர் போன பிறகு அதைத் திரும்பக் கொண்டுவருவது புதியவருக்குப் பெரும் சிரமம் என்பதையும், கடினம் மிகுந்தால் விளிம்பு பொடிந்து போகக்கூடும் என்பதையும் அவர் சொல்வதில்லை. ஸ்விட்ஸர்லாந்தில் 1884-இல் கார்ல் எல்ஸனர் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்து, 1891 முதல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுத்து வரும் விக்டோரினாக்ஸ் நிறுவனம், ராக்வெல் அளவில் 56 என்ற நடுத்தரக் கடினத்தோடு நின்றுவிடுகிறது. சாதாரண மனிதன் தன் வீட்டுக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளக்கூடிய எஃகு அது. துருவையும் நன்றாக எதிர்க்கிறது. சீனக் கத்திகளின் அலகில் 8சிஆர்13எம்ஓவி என்று பொறித்திருப்பதைக் காணலாம். அதில் குரோமியம் சுமார் 13 சதவீதம், கரி அதிகம். கூர் சற்றுக் கூடுதலாக நிற்கும், துடைத்து வைக்கும் பொறுப்பும் சற்றுக் கூடும். மலிவு விலையில் கௌரவமான எஃகு என்றே அதைச் சொல்ல வேண்டும்.

பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி, அழகிலும் எளிமையிலும் நிகரற்றது. 1955-இல் அதற்குச் சேர்ந்த சுழல் வளையப் பூட்டு இன்றும் அதில் உண்டு. எனினும் நம் தீவுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மழைக்காலத்தில் மரம் ஊதிக்கொண்டு அலகை இறுகப் பற்றிக்கொள்ளும். அவசரத்துக்குத் திறக்காத கத்தி இருந்தும் இல்லாததே. அதன் கரி எஃகு வகையோ, ஒரு மாங்காயை நறுக்கி வைத்தால் மறுநாளே கறுத்துவிடும். பிளாஸ்டிக் பிடியோ, எவர்சில்வர் பிடியோ இவ்வூருக்கு ஏற்றது. தோலுறையும் வேண்டாம், ஈரத்தைத் தேக்கி அலகோடு ஒட்டவைப்பதே இங்கு அதன் வேலை.

அளவைப் பற்றி: இரண்டரை, மூன்று அங்குல அலகு எல்லாக் காரியத்துக்கும் போதும். ஹிந்திப் படங்களில் சடக்கென்று விரியும் ராம்பூர்க் கத்தியைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை நினைவில் கொள்வது நலம். 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத வகையில் சேர்கிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஏற்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு என்றாலும், பேனாக்கத்தியை யாரும் ஆயுதமென்று கருதமாட்டார்கள் என்ற நிம்மதியே வேறு. விரலைக் காக்கப் பூட்டு இருப்பது நல்லது. ஆனால் மலிவான கத்தியில் தளர்ந்த பூட்டை நம்புவதைவிட, பூட்டே இல்லாத, வில் இறுக்கமான கத்தியை ஜாக்கிரதையாகப் பயன்படுத்துவது மேல்.

கடையில் நின்று பார்க்கவேண்டியவை சொற்பம். அலகைத் திறந்து பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் ஆட்டம் இருக்கலாகாது; மூடும்போது அது பிடியின் நடுவே இறங்கி, முனை வெளியே துருத்தாமல் அடங்க வேண்டும். டமாஸ்கஸ் எஃகு என்று சொல்லிச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அலை அலையான வரிகள் பெரும்பாலும் மேற்பூச்சே. பத்துக் கருவிகள் அடங்கிய கனத்த கத்தியைவிட, ஒரு நல்ல அலகும் திருப்புளியும் உள்ள சிறு கத்தி அன்றாடம் பையில் இருக்கும். கனமானது மேஜை இழுப்பறைக்குப் போய்விடும். விலையில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு நல்ல சாணைக்கல் வாங்குங்கள். கல்லை நனைத்து, அலகின் ஒவ்வொரு பக்கத்தையும் பதினைந்திலிருந்து இருபது பாகை சாய்வில், சாய்வு மாறாமல் இழுத்துப் பழகுவது கடினமான வித்தை அன்று. தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் மட்டும் இச்சிறு அலகைக் கொடுக்கவேண்டாம்: பொறி பறக்கும் சூட்டில் மெல்லிய விளிம்பு நீலம் பாய்ந்தால், எஃகின் பதம் அந்த இடத்தில் போய்விட்டது என்று பொருள்.

உபயோகித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஒரு எச்சரிக்கை பாக்கி: விமானம் ஏறச் செல்லும் நாளில், வீட்டை விட்டுப் புறப்படுமுன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, கத்தியைச் சரக்கில் போடும் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்; கைப்பையில் அதற்கு அநுமதி இல்லை.