காது கொடுக்காத நிர்வாகம்

தொழிலாளி சோம்பேறி, அவன் கேட்பதெல்லாம் கூலி, அவன் அறிந்ததெல்லாம் கலகம்! ஆலை முதலாளிகளும் அவர்களுக்குத் தாளம் போடும் ஏடுகளும் நெடுநாளாகப் பாடிவரும் பாட்டு இது. நாம் கேட்கிறோம்: கலகம் எங்கே தொடங்குகிறது என்று இவர்கள் ஒருநாளாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

கூலி குறைந்தால் தொழிலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சில காலம் பொறுப்பான். சொன்னால் கேட்பாரில்லை, கேட்டால் பதில் சொல்வாரில்லை என்ற நிலையை மட்டும் அவனால் பொறுக்க முடிவதில்லை.

சென்னைப் பெரம்பூரில் வெள்ளையர் நடத்திய பக்கிங்காம் - கர்நாடிக் ஆலையை எடுத்துக்கொள்வோம். நாளெல்லாம் உழைத்தவனுக்கு நடுப்பகலில் கிடைத்த ஓய்வு அரை மணி நேரம். அதற்குள் உண்டு முடித்து, மீண்டும் இயந்திரத்தின்முன் நிற்க வேண்டும். நிம்மதியாக ஒரு பிடி சோறு உண்ண நேரம் கேட்ட குரல்களும் சேர்ந்துதான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பிறப்பித்தன. நிர்வாகம் அக்குரலுக்குச் செவி சாய்த்ததா? இல்லை! சங்கத் தலைவர் பி.பி. வாடியா உள்ளிட்டோர்மீது நட்ட ஈடு கேட்டு உயர்நீதிமன்றப் படியேறியது. அந்த வழக்கின் அதிர்ச்சியே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்திட்டது.

நூறாண்டு கழிந்தது. வெள்ளையர் போனார்கள், ஆலைகள் புதியனவாயின. நிர்வாகத்தின் காது மட்டும் பழைய காதாகவே இருந்தது!

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் சுமார் 17,000 பேர் ஆப்பிள் கைபேசிகளைச் செய்துவந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக்காரர்கள் வழியே வேலைக்கு வந்த இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. உண்மையில் எவரும் இறக்கவில்லை. ஆனால் உடனிருந்த தோழிகள் நம்பும்படி அதை உரிய நேரத்தில் சொல்ல நிர்வாகத்துக்கு வாயில்லை! விளைவு? சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் விடிய விடிய அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பாக்ஸ்கான் வருத்தம் தெரிவித்து, உள்ளூர் நிர்வாகத்தை மாற்றி அமைப்பதாக அறிவித்தது. 2022 ஜனவரியில்தான் ஆலை மீண்டும் திறந்தது. முன்பே கேட்டிருந்தால் ஒரு சமையற்கட்டோடு முடிந்திருக்க வேண்டிய செய்தி, உலகமெங்கும் போயிற்று!

அதே வட்டாரத்துச் சாம்சங் ஆலையில், 2024 செப்டம்பர் 9இல் தொடங்கி 37 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வும் கேட்டார்கள். எட்டு மணி நேர வேலையும் கேட்டார்கள். எனினும் முதல் வழக்கு சங்கத்தைப் பற்றியது. சங்கத்தின் பெயரில் "சாம்சங்" என்ற சொல் வரக்கூடாது என்றது நிறுவனம். குளிர்பெட்டியில் அந்தப் பெயரைப் பொறிக்கும் கைக்கு, தன் சங்கத்தின் பெயரில் அதை எழுத உரிமையில்லையாம்! தொழிலாளர் உயர்நீதிமன்றம் சென்றனர். 2025 ஜனவரியில் சங்கம் பதிவு பெற்றது.

தோழர்களே! 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிலகத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் இருதரப்பாரும் சரிபாதி அமர வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஆலையில் அப்படி ஒரு குழு உண்டா? உண்டென்றால் கடைசியாக என்று கூடியது? அதில் உங்கள் பிரதிநிதி யார்? முதலாளி பொறுக்கி எடுத்தவரா, நீங்கள் தேர்ந்தவரா? நாளையே கேளுங்கள். குறையை வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுங்கள், நாளைக் குறியுங்கள், படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தனியே போகாதீர்கள், சேர்ந்து போங்கள்.

நிர்வாகத்தாருக்கும் ஒன்று சொல்வோம். தொழிலாளி உங்கள் கதவைத் தட்டும்போது திறவுங்கள். அந்தக் கதவு அடைபட்டால்தான் அவன் நெடுஞ்சாலைக்கு வருகிறான்!