விராலின் இனப்பெருக்கமும் ஏரி வருமானமும்

நம் கிராம ஏரி, குளங்களில் நல்ல விலை பெறும் மீன் விரால். பிற மீன்களை இரையாகக் கொண்டு வளரும் இம்மீனை, குஞ்சுப் பருவத்திலேயே நாம் அறியாமல் அழித்து வருகிறோம்.

மழை பெய்து புதுநீர் சேர்ந்ததும், விரால் இணை கரையோரத்து ஆழமற்ற நீரில், புல் பூண்டுகளை விலக்கி முட்டையிடுகிறது. பொன்னிறமான முட்டைகள் நீரின்மேல் மிதக்கும். ஏறக்குறைய ஒன்று அல்லது இரண்டு நாட்களில் பொரிந்துவிடும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரியும்போது பெற்ற மீன்கள் அருகில் நின்று சில வாரங்கள் காவல் புரியும். அக்காலத்தில் காவல் மீனைத் தூண்டிலிட்டுப் பிடித்துவிட்டால், குஞ்சுகள் தவளைக்கும் பிற மீன்களுக்கும் இரையாகிவிடும்.

குஞ்சுகள் முதலில் நீரிலுள்ள நுண்ணுயிர்களையும், பின்னர் பூச்சிகளையும், அடுத்துச் சிறு மீன்களையும் உண்ணும். இரை குறைந்தால் பெரிய குஞ்சு சிறியதை விழுங்கும். ஆகவே விரால் உள்ள குளத்தில் மிகச் சிறிய கட்லா, ரோகு குஞ்சுகளை விடுதல் வீண் செலவாகும். 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தவற்றையே விடுதல் வேண்டும்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டம் காணப்படும் நாட்களில் கரையோரம் தூண்டிலிடலாகாது என்னும் நிபந்தனையை, மீன் குத்தகை விடும்போது பஞ்சாயத்து உறுப்பினர்கள் சேர்த்துக்கொள்ளுதல் நலம். அடுத்த ஆண்டின் குத்தகைத் தொகை அக்கூட்டத்தைப் பொறுத்ததாகும்.