நோய்க்கால விடுப்பும் விடுமுறை நாட்களும்

சேவூரில் தறியில் அமர்வோர்க்கு நெய்த அளவுக்கே கூலி. மாதச் சம்பளம் பெறும் சிப்பந்திகளுக்கோ நோய்க்கால விடுப்பு உண்டு. விடுமுறை நாட்கள் அதில் சேருமா? காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையம் போன்ற மத்திய அரசு அலுவலகங்களுக்குரிய 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகள் விடை தருகின்றன. நடுவே வருபவை விடுப்பாகவே எண்ணப்படும். முன்னும் பின்னும் வருபவற்றை வைத்தியச் சான்றின் தேதியே தீர்மானிக்கும். சனி, ஞாயிறு விடுமுறை எனக் கொள்வோம். நோயுற்றதாகத் திங்களன்று சான்று பெற்றால், முந்திய அவ்விரு நாட்களும் சேரா. குணமடைந்ததாகச் சனியன்று சான்று பெற்றாலும் சேரா; திங்கள்வரை தாமதித்தால் சேரும். அரைச்சம்பள விடுப்பை முழுச்சம்பள விடுப்பாக மாற்றிக்கொள்வோர்க்கு ஒரு நாளுக்கு 2 நாட்கள் கழிவதால், அத்தாமதம் 4 நாட்களை விழுங்கும். ஆகவே குணமான அன்றே சான்று பெறுக. சங்கச் சிப்பந்திகள் தத்தம் சங்கத்தின் பணி விதிகளைப் பார்த்தறிதல் நலம்.