பரிசா, நஞ்சா?

ஜெர்மனியில் ஒரு சீசாவின் மேல் 'கிஃப்ட்' என்று எழுதியிருந்தால், யாருக்கோ வந்த பரிசு என்று எண்ணித் திறந்துவிடாதீர்கள். ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கு நஞ்சு என்று பொருள்! ஆங்கிலத்திலோ அதே எழுத்துகள் பரிசைக் குறிக்கின்றன.

இது தற்செயலான ஒற்றுமை அன்று. இரண்டும் 'கொடு' என்னும் பொருளுடைய ஒரே பழைய ஜெர்மானிய வேரில் பிறந்தவை. 'கொடுக்கப்படுவது' என்பதே முதற்பொருள். பின் நஞ்சு எங்கிருந்து வந்தது? மருந்திலிருந்துதான்! கிரேக்க மருத்துவர்கள் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தை 'டோசிஸ்', அதாவது 'கொடுத்தல்' என்றனர். நாம் இன்று சொல்லும் 'டோஸ்' அதுவே. (வடமொழித் 'தானம்' கூட அதே வேரினதுதான்.) லத்தீன் வழியே வந்த அச்சொல்லை ஜெர்மானியர் தம் மொழியில் 'கிஃப்ட்' என்று பெயர்த்தனர். கொல்லும் மருந்தையும் பெயர் சொல்லாமல், 'கொடுத்தது' என்று நாசூக்காகக் குறிக்க, நாளடைவில் அந்தப் பொருளே நிலைத்துவிட்டது. ஆயினும் பழைய பொருள் அடியோடு மறையவில்லை. மணப்பெண்ணின் சீதனத்துக்கு ஜெர்மனில் 'மிட்கிஃப்ட்' என்று பெயர்.

சுவீடன் நாட்டாரிடம் வேடிக்கை இன்னும் அதிகம். அதே எழுத்துகளை அவர்கள் 'யிஃப்ட்' என்று ஒலிப்பார்கள். அதற்கு நஞ்சு என்றும் பொருள். 'மணமான' என்றும் பொருள்! பெண்ணைக் 'கொடுப்பது' திருமணம் அல்லவா?