ஆசாரிய புத்ததத்த தேரர்: தொண்டும் சான்றும்

சோழநாடு ஈன்ற பௌத்தப் பெரியார்களுள் தலையாயவர் ஆசாரிய புத்ததத்த தேரர். இவர் கி.பி. 5ஆம் நூற்றாண்டினர் என்பர். பாலி நூல்கள் இவரை உரகபுரத்தார் எனக் குறிக்கும். உரகபுரம் உறையூரே என்பது அறிஞர் பலர் கருத்து. பாலியில் எழுதினமையாற் போலும், தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் இவரைப் பெரிதும் பேசுவதில்லை. எனினும், தமிழக வரலாற்றின் இருள் சூழ்ந்த பகுதி ஒன்றிற்கு இவர் வாக்கே விளக்காகின்றது.

தேரர் அனுராதபுரத்து மகாவிகாரையிற் பயின்றவர். அவர் தாயகம் திரும்புங்கால், இலங்கை நோக்கிச் சென்ற புத்தகோசரைக் கடல்நடுவே கண்டார் என்றும், புத்தகோசர் எழுதவிருந்த உரைகளைச் சுருக்கித்தர இசைந்தார் என்றும் மரபு கூறும். இந்நிகழ்ச்சியை வரலாறாகக் கொள்ளாவிடினும், தேரர் ஆற்றிய பணியின் இயல்பு இதனாற் புலனாகும். விரிந்த உரைகளைத் துறவியர் உளங்கொள்ளுமாறு செய்யுளிற் சுருக்கித் தருதலே அப்பணி. துறவொழுக்கம் கூறும் விநயவிநிச்சயம் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களை உடையது. அபிதம்மாவதாரமோ அபிதம்மம் கற்கப் புகுவார்க்கு வாயிலாக அமைந்தது.

நூலிறுதிச் செய்யுட்கள் வரலாற்று மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவன. விநயவிநிச்சயம் காவிரிக்கரைப் பூதமங்கலத்தில், வேண்குதாசர் எழுப்பிய விகாரையில், அச்சுதவிக்கந்தன் ஆட்சியில் இயற்றப்பெற்றது. அவ்வரசனைக் களப்பிரனெனக் கொள்வர் ஆராய்ச்சியாளர். அபிதம்மாவதாரம் தோன்றிய இடம் காவிரிப்பூம்பட்டினம். அந்நகரையடுத்த பல்லவனீச்சரத்தில் பௌத்த விகாரையும் புத்தபாதமும் அகழாய்வில் வெளிப்பட்டமை ஈண்டு நினைக்கத்தகும்.

களப்பிரர் காலத்தை 'இருண்ட காலம்' என வழங்குதற்குப் பெரிதும் துணையாயது, முற்கொடையைக் களப்பிரன் பறித்தான் எனக் கூறும் 8ஆம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேடு. அது களப்பிரரை வென்றவர் மரபினரது வாக்கு, காலத்தாலும் பிற்பட்டது. தேரர் வாக்கோ அவ்வாட்சியின்கீழ் வாழ்ந்தவர் வாக்கு. விகாரை கட்டியவர் பெயரும் அரசன் பெயரும் திருமாலைச் சுட்டுதல் நோக்கத்தக்கது. நூலும் விகாரையும் வளர்ந்த நாட்டை முற்றும் இருண்டதெனல் எங்ஙனம் பொருந்தும்? புரவலரைப் போற்றுவார் கூற்றாதலின் தேரர் வாக்கையும் அளந்தே கொள்ளல்வேண்டும். அளந்து கொள்ளினும் எஞ்சுவது சிறிதன்று.

இந்நூல்கள், இலங்கையைச் சார்ந்த அ. பொ. புத்ததத்த மகாதேரர் பதிப்பில், பாலி நூற்கழக வெளியீடுகளாக 1915, 1928 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' இத்துறைக்கு வழிகாட்டியது. களப்பிரர் காலத்தை ஆராயப் புகும் தமிழ் மாணவர் பாலியும் கற்பாராயின், அவ்விருளின் அளவை ஒருவாறு வரையறுத்தல் கூடும்.